பாலுக்கு இரண்டு சாட்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இவளை எவன் கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறானோ" என்று உம்மா புலம்பாத நாள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், சென்னையில் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று அமீரகத்தில் புஜைராவுக்கு வந்தேன். வாப்பா அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். பத்தாவது வரை நான் வளர்ந்ததும் அங்கேதான். நான் சூட்கேஸைத் திறக்கும் முன்பே உம்மா மாப்பிள்ளைப் பேச்சைத் திறந்துவிட்டாள்.

முதலில் வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். துபாய் கராமாவில் ஃபிளாட், பையன் இன்ஜினியர். ஆள் வாயைத் திறந்தால் ஏசி கம்ப்ரஸரைப் பற்றி மட்டுமே பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமோசா சாப்பிடும்போது பையனுடைய தாயார் பேச்சுவாக்கில் சொன்னார்: "இவன் பொறந்தப்ப எனக்கு டைபாய்டு. நாங்க அப்ப பெரிய பள்ளிவாசல் தெருவுல வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் நாப்பது நாளும் பால் குடுத்துக் காப்பாத்துச்சு. அது எங்க இருக்கோ, நல்லா இருக்கணும்."

உம்மா தட்டைக் கீழே வைத்தாள். "பச்சை ஜன்னல் வச்ச வூடா?" என்றாள். அந்த அம்மா உம்மாவையே பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் மூத்த காக்கா, அதாவது பெரிய அண்ணன், கைக்குழந்தையாக இருந்தபோது உம்மாதான் அந்தப் பையனுக்கும் சேர்த்துப் பால் கொடுத்திருக்கிறாள். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாப்பிள்ளையாக வந்தவர் காக்காவாகத் திரும்பிப் போனார். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம், போகும்போது அவருக்கு நானே இரண்டு சமோசா பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

வாப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "நீ இங்க இருந்தா உன் உம்மாவும் நீயும் அடிச்சுக்கிட்டுச் சாவீங்க. படிச்ச படிப்புக்கு நாலு பேருக்கு உதவியா இரு, வா." மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பிரசவமும் பிள்ளைகளும்தான் அங்கே முக்கியம். வாப்பா அவர்களுக்குச் சோப்பும் துணியும் சப்ளை செய்துவந்தார். மலைச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டுபோய் என்னை அங்கே இறக்கிவிட்டு, "சம்பளம் கிடையாது, சண்டை போடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆஸ்பத்திரியை நடத்தியது அறுபது வயது தாண்டிய ஒரு அமெரிக்க டாக்டரம்மா. நெட்டையான உருவம், காலில் ரப்பர் செருப்பு. பேசுவது குறைவு, பேசினால் அரபியில் மலைக்காரர்களைப் போலவே பேசுவார். காலையில் அவர்கள் ஜெபம் செய்வார்கள். எனக்குத் தொழ ஒரு மூலையைக் காட்டிவிட்டு, அதற்குமேல் என் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வரும்போது ஆபரேஷன் தியேட்டரில் நின்று கத்தி எடுத்துக் கொடுப்பதாகவெல்லாம் கனவு கண்டிருந்தேன். முதல் வாரம் முழுக்கப் பஞ்சு உருட்டினேன். இரண்டாவது வாரம் பிள்ளைகளை எடை போட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்த இடம் பிடித்துவிட்டது. தாழ்வான வெள்ளைக் கட்டிடம். பெண்கள் பாயை விரித்து, பிளாஸ்க்கில் கஹ்வா காப்பியும் தட்டில் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க வந்தது போலவே இல்லாமல் உட்கார்ந்து கதை பேசுவார்கள். எடை போட நான் பிள்ளையை வாங்கினால் என் கையில் ஒரு பழத்தைத் திணிப்பார்கள். அந்த மாதம் நான் நன்றாகச் சதை போட்டேன்.

பிள்ளைகள் அறை நர்ஸ், நாகர்கோவில் பக்கத்து அக்கா. அங்கே தமிழ் பேச எனக்கு அவளும், அவளுக்கு நானும்தான். "மக்களே" என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், நான் தப்புச் செய்தால் மட்டும் "டாக்டரே" என்பாள். அவளுக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. ஊரில் பிரசவம் முடிந்து, லீவு தீர்ந்ததும் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டாள். புருஷன் மஸ்கட்டில், ரூவியில் எட்டு பேர் தங்கும் ரூமில் இருந்துகொண்டு எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தார். இவளுக்கு நர்ஸ் குவார்ட்டர்ஸில் பாதி ரூம். பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது, விசாவுக்கு யாரிடம் போவது? இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். ஆனால் வார்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் அவளுடைய யூனிபார்மின் முன்பக்கம் நனைந்துவிடும். உடனே பாத்ரூமுக்கு ஓடிப்போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுவிட்டு வருவாள். பிள்ளைக்கான பாலைச் சாக்கடைக் குழாயில் விட்டுவிட்டு வருகிற முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்கு இரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்து, மாசம் நிறையாமலே டாக்டரம்மா பிள்ளையை எடுக்கவேண்டியதாயிற்று. தாய் பக்கத்து அறையில் நினைவு தெளியாமல் கிடந்தாள். பிள்ளை என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். முகம் மட்டும் கிழவன் முகம். தகப்பன் மலைக்காரர், நாற்பது வயது இருக்கும், ஆடும் பேரீச்சந்தோப்பும் ஒரு பழைய பிக்கப்பும் வைத்திருந்தார். இதற்குமுன் அவர்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அவர் வாசலில் சமுர் முள்மரத்தின் கீழே பிக்கப்பை நிறுத்தி, அதிலேயே குடியிருந்தார். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

பிள்ளைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு டப்பாப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தது. வயிறு உப்பிக்கொண்டது. எடை நாளுக்கு நாள் இறங்கியது. டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தாய்ப்பால் இருந்தால் பிழைக்கும்" என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். தாய்க்கு ஒரு சொட்டு ஊறவில்லை. நான் விடவில்லை, டப்பாப்பாலில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும், சூட்டை மாற்றியும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று ஒரு நாள் வாந்தி நின்றது. மறுநாள் வயிறு தளர்ந்தது. அதற்கு அடுத்த நாள் பிள்ளை எடை கூடியிருந்தது. நான் ஆடாத குறைதான். "பார்த்தீங்களாக்கா, என் கலவை!" என்று மார் தட்டினேன். அக்கா ஒரு மாதிரிச் சிரித்தாள். "ஆமா டாக்டரே, உன் கலவைதான்" என்றாள். அந்த 'டாக்டரே' எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அன்று மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் நான் முன்கூட்டியே போய்விட்டேன். அக்கா திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் கலந்து வைத்த டப்பாப்பால் தொட்டியில் கிடந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "என்னக்கா பண்றீங்க!"

"பசிக்க பிள்ளைக்குப் பால் குடுக்கேன், வேற என்ன செய்யேன்?" என்றாள் அவள். "எங்க ஊருல யாரும் யார்ட்டயும் கேக்க மாட்டாவ. சவத்த விடு மக்களே, ஊத்திக் களையதை இவன் குடிச்சுட்டுப் போறான். ரத்தமெல்லாம் விசாவுக்கே டெஸ்ட் பண்ணிட்டுத்தானே வந்திருக்கோம்."

"சொல்லாமக் குடுக்கக் கூடாதுக்கா! இவங்களுக்குப் பால் சும்மா பால் இல்ல. உங்க பால் குடிச்சா நீங்க இவனுக்கு அம்மா. உங்க பொண்ணு இவனுக்கு அக்கா. யாரு பாலுன்னு தெரியாமப் போச்சுன்னா நாளைக்கு யாரு யாரைக் கட்டுவாங்க? பாவமாப் போயிடாதா?" கராமா இன்ஜினியர் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். "எம் மவ நாகர்கோயில்ல கெடக்கா, இவன் மலையில கெடக்கான். இவுங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமாக்கும்!" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சொன்னா என்ன செய்வாவ? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாவளா?"

அதுதான் எனக்கும் பயம். கிறிஸ்தவப் பெண்ணின் பாலைச் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் பிக்கப்பில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், மலை ஏறும் முன்பே அது போய்விடும். அக்காவின் வேலையும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் ஒரு வம்பும் இல்லை, பிள்ளை கொழுகொழுவென்று வளரும். ஆனால் தட்டைக் கீழே வைத்த உம்மாவின் முகம் என்னை விடவில்லை. பிறகு நான்தான் அவள் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டவில்லை. அந்த மண்ணில் எங்களைவிட அதிக நாள் இருந்தவர், விஷயம் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "தகப்பனிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை பாலை நிறுத்துங்கள்" என்றார். பிள்ளைக்கு ஊசி வழியாகக் குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் ஏறியது.

தகப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். டாக்டரம்மா அரபியில் சொல்லி முடித்தார். அவர் என் பக்கம் திரும்பி, வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய இந்தியில் கேட்டார்: "தூத் கிஸ்கா?" யாருடைய பால்?

நான் அக்காவைக் காட்டினேன். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவளுடைய செருப்பைப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள் என்றார். ஒன்று என்றேன். ஆணா, பெண்ணா? பெண். வேறு யாருக்காவது பால் கொடுத்திருக்கிறாளா? இல்லை. அவ்வளவுதான். எழுந்தார், வெளியே போனார், பிக்கப்பை எடுத்துக்கொண்டு புழுதி பறக்க மலைப்பக்கம் போய்விட்டார்.

"ஆளுகளைக் கூட்டிட்டு வரத்தான் போறான்" என்றாள் அக்கா. எனக்கும் அதேதான் தோன்றியது. பிள்ளை அழத் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகலுக்கும் அவள் உடம்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்பக்கமெல்லாம் நனைந்து, பாத்ரூமுக்கு ஓடக்கூட மறந்து நின்றாள். நான் அல்லாவைக் கூப்பிட்டேன், அவள் மாதாவைக் கூப்பிட்டாள். இடையில் டாக்டரம்மா வந்து பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம் பிக்கப் திரும்பி வந்தது. முன்னால் அவரும் இரண்டு கிழவர்களும். பின்னால் ஒரு ஆடு. ஆட்டைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையை எடுத்துப் போக வருகிறவன் ஆட்டை ஏன் கொண்டுவருகிறான்?

கிழவர்கள் இருவரும் அவருடைய பெரியப்பா, சித்தப்பா முறை. தாடியைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தகப்பன் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "இவங்க ரெண்டு பேரும் சாட்சி. அவ பேரு என்ன, அவ தகப்பன் பேரு என்ன, மக பேரு என்ன, எந்த ஊரு? நாங்க தெரிஞ்சு வச்சிருக்கணும். நாளைக்கு எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லணும்."

எனக்கு அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கிழவர்கள் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார்கள். நாகர்கோவில் பெயர்கள் அந்த வாயில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவளுடைய அப்பன் பெயரில் வருகிற 'ழ'வுக்கு ஒரு கிழவர் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, இருமி, கடைசியில் ஒரு மாதிரி ஒப்பேற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். அவள் எந்த மதம் என்றும் ஒருவர் கேட்டார். நஸ்ரானி, கிறிஸ்தவள் என்றேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். தகப்பன் எழுந்து நின்றார். இப்போதும் பார்வை தரையில்தான்.

"கலாஸ்" என்றார், விஷயம் முடிந்தது என்று. "யல்லா, பையனுக்குப் பசிக்கும்."

அக்கா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குக் குழாய் போய், கரண்டி வந்து, கரண்டியும் போய், அவள் மடியிலேயே குடிக்க ஆரம்பித்தான். அவன் தாயும் தேறிவிட்டாள். பால் மட்டும் கடைசிவரை அவளுக்குச் சரியாக ஊறவில்லை. வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு வீடு பிடித்துக்கொண்டு, நேரத்துக்கு நேரம் பையனைத் தூக்கிக்கொண்டு வருவாள். இரண்டு தாய்களும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லாமல் மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள். பால் கொடுத்தவளுக்கு மரியாதையாக வந்த அந்த ஆட்டை நாங்கள் அறுத்துச் சாப்பிட்டோம், நான்தான் பிரியாணி செய்தேன், உப்பு கூடிவிட்டது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை தேன், நெய், துணி என்று பிக்கப்பில் வந்து இறங்கும். அக்கா கூச்சத்தில் நெளிவாள். "நீ அவங்க வூட்டு ஆளாயிட்டே, வாங்கிக்கோ" என்று நான் அதட்டுவேன்.

ஒரு நாள் தகப்பன் குழந்தைக்குக் கம்மல் கொண்டுவந்திருந்தார். பையனுக்கு ஏன் கம்மல் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேன் உக்த்?" என்றார். இவனுடைய அக்கா எங்கே?

இந்தியாவில் என்றேன்.

"ஏன்?"

நாங்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருந்த விஷயம்தான். ஆனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பதில் தெரியும், அதனால் கேட்கவில்லை. "ரூம் மாஃபி, விசா மாஃபி" என்றாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு. ரூமும் இல்லை, விசாவும் இல்லை.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைவிடக் கோபக்காரர் ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகன் குடிக்கிற பால் அந்தப் பெண் குழந்தையுடையது, அவளை அங்கே விட்டுவிட்டு இவன் இங்கே குடித்துக்கொண்டிருக்கிறானா, இதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று எங்கள் எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "கஃபீல் நான், பொறுப்பு என்னோடது. என் பேர்ல விசா. கலாஸ்!" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். அங்கே இரண்டு பேரும் அரபியில் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. வெளியே வந்த டாக்டரம்மா, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கட்டில் போட்டுவைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்யச் சொன்னார். நானும் அக்காவும் அதற்கு நீலப் பெயின்ட் அடித்தோம்.

நாத்தனாரும் குழந்தையும் ஷார்ஜா விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று நான் ஊருக்குத் திரும்ப இன்னும் சில நாட்களே இருந்தன. பாஸாகியிருந்தேன். உம்மா மறுபடியும் மாப்பிள்ளைப் பேச்சை எடுத்திருந்தாள். ரூவியிலிருந்து புருஷன் வர லீவு கிடைக்கவில்லை. மலைக்காரர் புதுக் கந்தூரா அங்கி உடுத்தி, மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிக்கப்பை விட்டுவிட்டு யாரிடமோ பெரிய கார் வாங்கி வந்திருந்தார்.

நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆறு மாதத்துக் குழந்தை, தலை நிறைய முடி. அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீலென்று கத்திக்கொண்டு நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும் வழி முழுக்க அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலைச்சாலை ஆரம்பித்ததும் பையன் பசியில் அழுதான். அவன் தாய் வழக்கம்போல அவனை அக்காவின் மடியில் போட்டாள். அக்கா முந்தானைக்குள் அவனை அணைத்துக்கொண்டாள். நாத்தனாரின் மடியிலிருந்த குழந்தை அந்தச் சப்புகிற சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பியது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு கையை ஊன்றி, நாத்தனாரின் மடியை உதைத்துத் தள்ளி, முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

"குடு அக்கா, குடுத்துப் பாரு" என்று நான் கத்தினேன். மலைக்காரர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

அக்கா மறுபக்கம் தன் மகளை அணைத்தாள். புட்டிப்பாலிலேயே வளர்ந்த குழந்தை, இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டது. தம்பியின் காலை உதைத்துக்கொண்டே குடித்தது. மூன்று மாதம் பிரிந்திருந்த தாய்க்கு அந்நேரம் பால் வற்றிப்போயிருக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், நர்ஸான அவளுக்கும் தெரியும். விமான நிலையத்தில் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"நான் இவனுக்குக் குடுத்தேன்னுல்லா இத்தனை நாளும் நெனச்சேன் மக்களே" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இவன்லா எம் பிள்ளைக்கு வத்தாமக் காத்து வச்சிருக்கான்."

பையன் குடித்து முடித்துத் தூங்கிவிட்டான். அவள் மகள் இன்னும் விடவில்லை. அவளுக்குப் போதும்வரை நாங்கள் எல்லாரும் அந்த மலைச்சாலையிலேயே காத்திருந்தோம்.